சேற்றில் இறங்கினால் இழுவை எங்கே போகிறது?

கேள்வி: டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு 2003 மாடல் போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500 ஏ.டி.வி. ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கார்புரேட்டர் வண்டி, ஆட்டோமேட்டிக். என் மச்சான் பிரேசோஸ் ஆற்றுப் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறார். மழை ஓய்ந்த வார இறுதிகளில் அங்கே போய்ச் சேற்றில் ஓட்டுவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. பழைய 25 அங்குல டயரைக் கழற்றிவிட்டு, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று 28 அங்குல மட் டயர் போட்டேன். அதனாலா, வண்டிக்கு வயதானதாலா தெரியவில்லை, கட்டாந்தரையில் நன்றாக ஓடுகிற வண்டி சேற்றில் இறங்கியதும் செத்துப்போகிறது. முழுக்க அழுத்தினாலும் உறுமுகிறதே தவிர நகர்வதில்லை. போன மாதம் ரப்பர் கருகும் வாடையும் வந்தது. சைலன்சரை மாற்று, பெரிய பிஸ்டன் கிட் போடு என்கிறார் நண்பர் ஒருவர். அடியிழுவை கூட எதில் காசு போடுவது? வின்ச் ஒன்றும் வாங்கிவிடவா?

— கேட்டி வாசகர், டெக்சாஸ்

பதில்: சைலன்சருக்கு என்று எடுத்துவைத்த காசைத் திரும்பப் பையில் போடுங்கள். அந்தப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

"உறுமுகிறதே தவிர நகர்வதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. அது எந்த மாதிரி உறுமல் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்த முறை சேற்றில் மாட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாமல், மீட்டரில் ஆர்.பி.எம். எண்ணைப் பாருங்கள். மீட்டர் செத்துப்போயிருந்தால், பிளக் ஒயரில் நான்கு சுற்றுச் சுற்றி மாட்டுகிற சின்ன டாக்கோமீட்டர் மலிவாகவே கிடைக்கும். இந்த வேலைக்கு அதைவிட உருப்படியான கருவி வேறில்லை.

நடப்பது மூன்றில் ஒன்றாக இருக்கும். எஞ்சின் கனத்த குரலில் முனகி, ஆர்.பி.எம். 4000-க்கும் கீழே இறங்கி, சக்கரமும் நின்றுபோனால், சுமை எஞ்சினை அமுக்குகிறது: கியர் விகிதம் அதற்குத் தாங்கவில்லை, அல்லது எஞ்சினே சரியாக மூச்சுவிடவில்லை. எஞ்சின் கீச்சென்று உயரத்துக்குப் போய், சக்கரம் மட்டும் அசையாமல் நின்றால் பெல்ட் வழுக்குகிறது. எஞ்சினும் சுற்றி, நான்கு சக்கரமும் சுற்றி, வண்டி மட்டும் அங்கேயே குழி தோண்டிக்கொண்டு நின்றால், குறை எஞ்சினில் இல்லை, டயரிலும் மண்ணிலும் இருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ரப்பர் வாடை வந்தது என்கிறீர்கள் பாருங்கள், அதனால் உங்களுக்கு இரண்டாவது நிச்சயம் உண்டு. 28 அங்குல டயர் போட்டதால் முதலாவதும் சேர்ந்தே இருக்கும் என்பது என் கணிப்பு.

டயர் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. 25-க்குப் பதில் 28 போட்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி 12 சதவீதம் கூடுதல் தூரம் போக வேண்டும். அதாவது கியர்பாக்ஸைத் தொடாமலே எல்லாக் கியரையும் 12 சதவீதம் 'உயரமாக்கி' விட்டீர்கள். முன்பு தரையை 100 பவுண்டு விசையோடு தள்ளிய சக்கரம் இப்போது 89 பவுண்டுதான் தள்ளும். இது காகிதக் கணக்கு மட்டும். மட் டயர் ஒவ்வொன்றும் பழைய டயரைவிடப் பல பவுண்டு கனம், அந்தக் கனமும் விளிம்பில் இருக்கிறது. அம்மிக்கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றுவது போலத்தான். அதன் இடுக்குகளில் களிமண் நிரம்பிவிட்டால் கனம் இன்னும் ஏறும். கட்டாந்தரையில் இது தெரியாது, ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தை ஓடவைக்க அவ்வளவு விசை தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து சேற்றைப் பிளந்துகொண்டு கிளம்பும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இனி பெல்ட்டுக்கு வருவோம். ஊரில் ஆக்டிவா, ஸ்கூட்டி ஓட்டியிருந்தால் உங்கள் வண்டியின் ஆட்டோமேட்டிக் உங்களுக்குப் பழகியதுதான். முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, நடுவில் வி வடிவப் பெல்ட். வேகம் கூடக்கூட முன்கப்பியின் இரண்டு தட்டுகளும் நெருங்கி, பெல்ட்டை வெளிவிளிம்புக்கு ஏற்றும். பின்கப்பி விரிந்து பெல்ட்டை உள்ளே விடும். ஆக்டிவாவில் தட்டை நெருக்குவது உருளைகள். போலாரிஸில் அந்த வேலையைச் செய்வது மூன்று எடைக் கைகள். சுழற்சியில் அவை வெளியே விரியும்போது உருளைகள் மேல் சாய்ந்து தட்டைத் தள்ளும், ஒரு ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். 1985-ல் வந்த போலாரிஸின் டிரெயில் பாஸ், அதற்குப் பின் 1996-ல் அறிமுகமான ஸ்போர்ட்ஸ்மேன் 500 எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தப் பெல்ட் டிரைவ்தான். பின்கப்பியில் இன்னொரு ஸ்பிரிங்கும், ஹீலிக்ஸ் என்ற சரிவுத் தடமும் இருக்கின்றன. சுமை ஏறியதும் பெல்ட்டை இறுக்கிப் பிடித்து, வண்டியைத் தாழ்ந்த விகிதத்துக்கு இழுத்து வருவது அந்த இரண்டின் பொறுப்பு. சேற்றில் ஓட்டுபவருக்கு முன்கப்பியைவிடப் பின்கப்பிதான் முக்கியம் என்று நான் சொல்வேன். ஏனோ எல்லாரும் முன்கப்பியைப் பற்றியே பேசுகிறார்கள்.

பெல்ட் தேய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் 'அறுந்துபோகும்' என்பார்கள். அறுவதற்கு முந்திய ஒரு வருடம் என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் பிரச்சினை. பெல்ட் பக்கவாட்டில் தேய்ந்து ஒல்லியாகும். ஒல்லியான பெல்ட் பின்கப்பியின் விளிம்பில் உட்காராமல் உள்ளே இறங்கி உட்காரும். பின்கப்பியில் பெல்ட் எவ்வளவு வெளியே இருக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் அடியிழுவை. அது சில மில்லிமீட்டர் உள்ளே போனாலே, முதல் கியர் பாதி தேய்ந்துபோன கதைதான்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். பெல்ட் பெட்டிக் கவரின் திருகுகளைக் கழற்றுங்கள். வண்டி நிற்கும்போது, நல்ல பெல்ட் பின்கப்பித் தட்டின் வெளிவிளிம்போடு ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தால் பெல்ட் முதுகும் தட்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் தட்டுப்படும். விரல் பள்ளத்தில் இறங்கினால் பெல்ட் தேய்ந்துவிட்டது. பிறகு பெல்ட்டைக் கழற்றி, வெயிலில் கையில் பிடித்துப் பக்கவாட்டுகளை ஒரு முழுச்சுற்றுப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கியது போல உள்ளே தேய்ந்திருந்தால், எங்கோ சேற்றில் வண்டி நின்றபடி முன்கப்பி மட்டும் சுற்றி, அந்த ஓரிடத்தையே அரைத்திருக்கிறது என்று அர்த்தம். போன மாத ரப்பர் வாடை எங்கே போயிற்று என்று தேடவேண்டாம், அந்த இடத்தில் இருக்கும். அப்படிப்பட்ட பெல்ட்டோடு கிளம்பினால் மெதுவாகப் போகும்போது 'தடக், தடக்' என்று ஒரு துள்ளல் தெரியும். பக்கவாட்டு கண்ணாடி போலப் பளபளத்தாலும் அது வழுக்கும் பெல்ட்தான்.

கழற்றிய சமயத்தில் கப்பித் தட்டுகளையும் பாருங்கள். ரப்பர் படிந்து கறுத்திருந்தால் ஸ்காட்ச் பிரைட் வைத்துத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். போலாரிஸின் கப்பிகள் உலர்ந்த கப்பிகள். யமஹா வேரியேட்டரில் கிரீஸ் போடுவதைப் பார்த்துவிட்டு இதிலும் பூசியவர்கள் உண்டு. அவர்கள் வண்டி அடுத்த சேற்றுக்கே போய்ச் சேரவில்லை. முன்கப்பியைக் கழற்ற அதற்கென்றே ஒரு புல்லர் போல்ட் வேண்டும். சுத்தியல், திருப்புளி வைத்து நெம்பினால் கிராங்கின் கூம்புமுனை பாழாகும். மூடியைத் திறக்கும் முன் எது எதோடு பொருந்தியிருக்கிறது என்று பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், சமநிலை குலைந்தால் அதிர்வு வரும். உள்ளே ஸ்பிரிங் அமுங்கி இருக்கிறது, மூடித் திருகுகளை ஒரே பக்கமாகக் கழற்றாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முகத்தை நேராக நீட்டிக்கொண்டு கழற்ற வேண்டாம். இருபது வயதான ஸ்பிரிங்குகள் இரண்டுமே சோர்ந்திருக்கும். எடைக் கைகளின் சாய்தடத்தில் தட்டையான இடம் தேய்ந்திருக்கும். உருளைகளை விரலால் சுற்றிப் பார்த்தால் சில சுற்றும், சில முரண்டு பிடிக்கும். இவற்றைப் புதுசாக்கினாலே, ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் வண்டி வேறு வண்டி மாதிரி ஓடும். எத்தனையோ முறை இதோடு வேலை முடிந்து, 'கிட்' எதுவும் தேவைப்படாமல் வண்டியை அனுப்பியிருக்கிறேன்.

பெல்ட் வழுக்குவதற்குத் தேய்மானம் மட்டும் காரணம் இல்லை, தண்ணீரும்தான். பெல்ட் பெட்டிக்குக் காற்று வரவும் போகவும் குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் வாய்க்கு மேலே தண்ணீர் ஏறினால், பெட்டிக்குள் இறங்கிவிடும். ஒருமுறை என் பட்டறைக்கு வந்த வண்டியின் கவரில் அடித் திருகை எடுத்தேன், பால் குறைந்த காபி நிறத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் கொட்டியது. 'ரெண்டு மாசமா இழுவை இல்லை' என்று கொண்டுவந்திருந்தார் அவர். ஒவ்வொரு தடவையும் சேற்றிலிருந்து ஏறியதும் அந்தத் திருகைத் திறந்துவிட்டு, நியூட்ரலில் வைத்து எஞ்சினைச் சற்று உயர்த்தி ஓடவிடுங்கள், பெல்ட் காய்ந்துவிடும். அடிக்கடி ஆழத்தில் இறங்குபவர் என்றால், எஞ்சின் காற்றுக் குழாயையும் பெல்ட் பெட்டிக் குழாய்களையும் ஹேண்டில் உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். ஸ்நார்க்கல் என்பார்கள். குழாயின் உள்விட்டம் எங்கும் பழைய அளவுக்குக் குறையக் கூடாது. ஒல்லிக் குழாய் போட்டு, எஞ்சினுக்கு மூச்சுமுட்ட வைத்துவிட்டு, 'ஸ்நார்க்கல் போட்டதிலிருந்து பவர் இல்லை' என்று வருபவர்களும் இருக்கிறார்கள்.

எஞ்சின் பக்கம் இப்போது.

கட்டாந்தரையில் நன்றாக ஓடும் வண்டி சேற்றில் மட்டும் மூச்சுத் திணறுகிறது என்றால், நான் முதலில் தேடுவது கார்புரேட்டரின் காற்றுவிடும் ரப்பர் குழாய்களைத்தான். மிதவைக் கிண்ணத்துக்கு வெளிக்காற்று வேண்டும். அந்தக் குழாயின் முனை எஞ்சின் பக்கம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் அதை மூடிய நொடியில் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலே ஏறுவது தடைபட்டு, எஞ்சின் கம்மிப்போகும். ஏறி வெளியே வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஓட்டுநர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். அந்தக் குழாயைச் சின்ன டி இணைப்பு வைத்து மேலே ஹேண்டில் வரை கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது. சில டாலர் செலவு, அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பிஸ்டன் மாற்றியவரை எனக்குத் தெரியும்.

கார்புரேட்டரை எப்படியும் ஒருமுறை இறக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் பைலட் ஜெட்டின் ஊசித்துளை அடைத்துக்கொள்ளும். அடி ஆர்.பி.எம்.-இல் எஞ்சின் எண்ணெய் குறைந்த விளக்கு மாதிரி மினுக்கும். மேலே கறுப்பு ரப்பர் சவ்வு ஒன்று இருக்கும், வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடியுங்கள். ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் சிலைடு முழுதாக ஏறாது. பஞ்சு ஃபில்டரில் சேறு உலர்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தால் கழுவி எண்ணெய் தடவிப் போடுங்கள்.

போலாரிஸுக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. திராட்டில் பெட்டிக்குள் ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறது. கேபிள் மாட்டிக்கொண்டால் எஞ்சின் எகிறாமல் தீப்பொறியை வெட்டிவிடுவது அதன் வேலை. கேபிளில் தளர்வு தப்பாக இருந்தாலோ, உள்ளே சேறு போனாலோ, ஸ்விட்ச் ஏமாந்துபோய் நீங்கள் ஓட்டும்போதே வெட்டத் தொடங்கும். வண்டி விட்டுவிட்டு இருமுவது போல இருந்தால் அதைப் பாருங்கள். கேபிள் நீண்டுபோய், கட்டைவிரல் முழுக்க அழுத்தியும் கார்புரேட்டர் முக்கால்தான் திறக்கிறதா என்றும் ஒரு கண் பார்க்கலாம். இதற்கெல்லாம் காசே கிடையாது.

எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் சாதாரணக் கம்ப்ரஷன் மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஸ்டார்ட் செய்ய வசதியாகக் கேம்ஷாஃப்டில் அழுத்தம் குறைக்கும் அமைப்பு இந்த எஞ்சினில் இருப்பதால், நல்ல எஞ்சினிலும் மீட்டர் குறைவாகவே காட்டும். லீக் டவுன் சோதனை செய்யச் சொல்லுங்கள். நியூட்ரலில் வைத்துக் கையால் தள்ளியும் பாருங்கள். ஒரு ஆள் தள்ளி நகரவில்லை என்றால் பிரேக் காலிப்பரில் காய்ந்த சேறு பட்டைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். மட் ரைடர்களின் பாதி குதிரைத்திறன் அங்கேதான் எரிகிறது.

இவ்வளவும் சரியான பிறகுதான் கிளட்ச் கிட், அதாவது இந்தக் கப்பிகளுக்கான எடைகளும் ஸ்பிரிங்குகளும். இது உங்கள் 28 அங்குல டயருக்கு உண்மையான மருந்து. 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் தன் முழுத் திறனைக் கொடுப்பது 6000 சுமாரில். சேற்றில் அது 4000-இல் முனகினால், எஞ்சினில் இருக்கிற திறனையே நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. எடைக் கைகளை இலேசாக்கினால், தட்டை நெருக்க எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், ஆகவே ஆர்.பி.எம். மேலேயே நிற்கும். என் அனுபவத்தில் மூன்று கைகளிலும் இரண்டிரண்டு கிராம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். ஆனால் 'இலேசு நல்லது' என்று அளவில்லாமல் குறைத்தால் பெல்ட்டைப் பிடிக்கும் விசையும் குறையும், எஞ்சின் வெற்றாகக் கத்தும், மீண்டும் ரப்பர் வாடை. பின்கப்பியில் கடினமான ஸ்பிரிங் போட்டால், சுமை ஏறியதும் பெல்ட் சட்டென்று தாழ்ந்த விகிதத்துக்கு இறங்கும், பிடியும் இறுகும். எனக்கு ஒன்றை மட்டும் மாற்றக் காசு இருந்தால் பின் ஸ்பிரிங்கை மாற்றுவேன். டால்டன், ஈ.பி.ஐ. போன்ற கிட் தயாரிப்பாளர்கள் மாடலையும் டயர் அளவையும் பார்த்து எடை, ஸ்பிரிங் எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். டயர் 28 என்பதை மறைக்காமல் சொல்லி வாங்குங்கள்.

மாட்டியபின் சோதிக்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. கப்பித் தட்டுகளின் முகத்தில், மையத்திலிருந்து விளிம்புவரை கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். சேற்றில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கவரைத் திறந்தால், பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை கோடு அழிந்திருக்கும். சேற்றில் மட்டுமே ஓட்டியும் கோடு பாதிக்கு மேல் அழிந்திருந்தால் கப்பி அவசரப்பட்டு மேல் கியருக்கு ஓடுகிறது. எடை இன்னும் குறையலாம், அல்லது பின் ஸ்பிரிங் இன்னும் கடினமாகலாம். புதுப் பெல்ட் போட்டால் முதல் முப்பது நாற்பது மைல் சேற்றுப் பக்கமே போகாமல் ஓட்டுங்கள். மலிவுப் பெல்ட் வேண்டாம். அகலமும் கடினமும் கொஞ்சம் மாறினாலும் நீங்கள் செய்த அத்தனை அளவும் பிழையாகிவிடும்.

இதெல்லாம் இருக்கட்டும், நீங்கள் எந்தக் கியரில் ஓட்டுகிறீர்கள்? கடிதத்தில் எழுதவில்லை. பத்துப் பேரில் எட்டுப் பேர் சேற்றிலும் 'எச்' (ஹை) கியரிலேயே ஓட்டுகிறார்கள். 'எல்' (லோ) என்றால் கிழவர் கியர் என்று ஒரு நினைப்பு. மணிக்கு ஏழு மைலுக்குக் கீழே போகும் வேலைக்கெல்லாம் 'எல்' போடு என்று போலாரிஸ் கையேடே சொல்கிறது. 'எச்'-இல் ஊர்ந்தால் பெல்ட் பாதி பிடித்து, பாதி வழுக்கிச் சூடாகும். 'எல்' போட்டால் அதே வேகத்தில் எஞ்சின் உயரச் சுற்றும், பெல்ட் முழுக்கக் கவ்வும். 28 அங்குல டயரோடு சேற்றில் 'எச்' என்பது என்னைக் கேட்டால் வழக்குத் தொடரத்தக்க குற்றம். ஆல் வீல் டிரைவ் போட்டிருக்கும்போது முன்சக்கரங்கள் உண்மையில் சுற்றுகின்றனவா என்று மச்சானை ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டியில் பின்சக்கரம் வழுக்கிய பிறகுதான் முன்சக்கரம் பிடிக்கும். பழைய வண்டிகளில் அந்தப் பிடி செத்திருப்பது சகஜம்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பூமி. டாலஸிலிருந்து சான் ஆன்டோனியோ வரை நீளும் டெக்சாஸின் கரிசல் பட்டையைப் பார்த்தபோது ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அங்குள்ள ஒரு மண்வகைக்கு 'ஹூஸ்டன் பிளாக்' என்றே பெயர். நம் கரிசலும் அதுவும் மண்ணியலில் ஒரே இனம், வெர்டிசால். கோடையில் கால் நுழையும் வெடிப்பு, மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் பசை. உங்கள் பக்கத்துக் களிமண்ணை உள்ளூர்க்காரர்கள் 'கம்போ' என்பார்கள். ஒட்டும் களிமண்ணில் டயருக்குக் கொஞ்சம் சுழல்வேகம் வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கில் ஒட்டிய மண் சிதறாமல் டயர் உருண்டையாகி, கருப்பட்டி உருட்டிய மாதிரி வழுக்கும். நீர்த்த குழம்புச் சேற்றிலோ ஆழமான பட்டைகள் மெதுவாகத் துடுப்புப் போட வேண்டும், விரட்டினால் புதையும். உங்கள் களிமண்ணுக்கு, சுமாரான ஆழப் பட்டையுள்ள இலேசான 26 அல்லது 27 அங்குல டயர் போதும். 500 சிசி வண்டிக்கு 28 அதிகப்படி. கம்பீரம் குறையும்தான். சேற்றில் நிற்கும் வண்டிக்குக் கம்பீரம் எதற்கு?

சைலன்சர். நானும் இளமையில் மாட்டியவன்தான். சத்தம் நாலு வயல் தாண்டிக் கேட்டது, வண்டி முன்பைவிடச் சோம்பலாக ஓடியது. திறந்த சைலன்சர் பெரும்பாலும் மேல் ஆர்.பி.எம்.-இல்தான் ஏதாவது கொடுக்கும், அதற்கும் ஜெட் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கலவை வறண்டு எஞ்சின் சூடேறும். நீங்கள் கேட்பது அடியிழுவை. பெரிய பிஸ்டன் கிட் உண்மையிலேயே இழுவை தரும், மறுக்கவில்லை. ஆனால் வழுக்கும் பெல்ட்டுக்குக் கூடுதல் திறனைக் கொடுத்தால் அதை இன்னும் வேகமாக எரிக்கும், அவ்வளவுதான். டெக்சாஸ் வெயிலில், முன்னால் சேறு அப்பிய ரேடியேட்டரோடு அந்த எஞ்சின் எத்தனை காலம் தாங்கும் என்பது வேறு கேள்வி. ரேடியேட்டரைப் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், முன்னாலிருந்து அடித்தால் சேறு இடுக்குக்குள் இறுகும்.

வின்ச் வாங்குங்கள், யோசிக்காமல். வண்டி, ஆள், ஒட்டிய சேறு எல்லாம் சேர்த்தால் 2500 பவுண்டு திறனுக்குக் குறைந்தது வேண்டாம், 3000 இருந்தால் நிம்மதி. மரத்தில் கட்ட அகலமான பட்டை ஒன்றும் வாங்குங்கள், கம்பியை நேரே மரத்தில் சுற்றினால் மரமும் போகும், கம்பியும் போகும். இழுக்கும்போது கம்பியின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவையுங்கள், அறுந்தால் பாம்பு மாதிரி வீசாது. மச்சான் அந்தப் பக்கம் நிற்க வேண்டாம். மச்சான் நிலம் போதாமல் சாம் ஹூஸ்டன் தேசிய வனத்துப் பாதைகளிலும் ஓட்டலாம் என்று நினைத்திருந்தால், ஈரம் மிகுந்தால் அவற்றை மூடிவிடுவார்கள், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வரிசை கேட்டால்: இந்த வாரம் கவரைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள், கார்புரேட்டர் குழாயை மேலே ஏற்றுங்கள், 'எல்' கியரில் போட்டு ஆர்.பி.எம். எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும், பெல்ட்டின் அகலத்தையும், பின்கப்பி விளிம்பிலிருந்து பெல்ட் எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். எத்தனை கிராம் குறைக்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.